துண்டுக்குள் விரல்: சந்தா, பேரம், விலகல்

1

'இணைப்பைத் துண்டிச்சிடுங்க, வேற கம்பெனிக்கு மாறப்போறேன்' என்று நான் சொன்ன ஆறாவது நிமிடத்தில் என் வீட்டு இணையக் கட்டணம் மாதம் 300 ரூபாய் குறைந்தது. மூன்று வருடமாக 999 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத வரியும் சேர்த்து 1179 ரூபாய் கட்டிவந்தேன். இனி 699, வரியோடு 825. ஒரு வருடத்துக்கு. வேகம் அதேதான், கம்பி அதேதான், அலமாரிமேல் பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருக்கும் பெட்டியும் அதேதான். மாறியது ஒரு வாக்கியம் மட்டும். போன மாதம் இதே எண்ணைக் கூப்பிட்டு, 'ரொம்ப அதிகமா இருக்கே, ஏதாவது கொறைக்க முடியுமா?' என்று கேட்டிருந்தேன். 'இதுதான் சார் பிளான்' என்று பதில் வந்தது. கேட்டபோது கிடைக்காதது போகிறேன் என்றபோது கிடைத்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த வாக்கியத்தின் விலை வருடத்துக்கு 4248 ரூபாய். தமிழ் எம்.ஏ. படித்த ஒருவனுக்கு ஒற்றை வாக்கியத்துக்கு இவ்வளவு கூலியை இதுவரை எந்தப் பத்திரிகையும் தந்ததில்லை.

சந்தோஷமாகத்தான் இருந்தது. சாயங்காலம் கீழ்வீட்டு அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டேன். தையல் வேலை செய்கிறவர். பையன் காலேஜில் படிக்கிறான், அவனுக்காக எடுத்த இணைப்பு. அதே கம்பெனி, அதே பிளான், என்னைவிட ஒரு வருடம் மூத்த வாடிக்கையாளர். மாதம் தவறாமல் 1179 கட்டுகிறார். மெஷினை நிறுத்திவிட்டு, 'ஒங்களுக்கு மட்டும் எப்படித் தம்பி?' என்று கேட்டார். ஏதோ உளறினேன். அந்தக் கேள்வியை அப்புறம் பல நாள் சுமந்து திரிந்ததில் சேர்ந்தவைதான் இங்கே இருப்பவை.

2

முதலில் சொற்களைப் பார்ப்போம். நமக்குத் தெரிந்த தொழில் அதுதானே. 'சந்தா' வடக்கிலிருந்து வந்த சொல். இந்தியிலும் உருதுவிலும் அதற்கு இன்றைக்கும் முதற்பொருள், பலர் கூடி ஒரு காரியத்துக்குப் போடும் காசு, நன்கொடை. சங்கச் சந்தா, கட்சிச் சந்தா, நூலகச் சந்தா என்று நாம் சொல்லும்போது அந்தப் பழைய பொருள் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. சந்தா கட்டியவர் உறுப்பினர். கணக்குக் கேட்கலாம், கூட்டத்தில் எழுந்து கத்தலாம், செயலாளரை மாற்றலாம். சிறுபத்திரிகைச் சந்தாவும் இந்த வகையில்தான் சேர்த்தி. ஆயுள் சந்தா என்று வாங்குகிறோமே, அது இதழின் ஆயுளா வாசகரின் ஆயுளா என்பதை எந்த ஆசிரியரும் இதுவரை தெளிவுபடுத்தியதில்லை. நாலு இதழோடு நின்றுபோன பத்திரிகைகளுக்கு ஆயுள் சந்தா கட்டியவர்கள் இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். யாரும் வழக்குப் போட்டதில்லை. ஏனென்றால் அது விலை இல்லை, பங்கு.

கம்பெனிகள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன. உறுப்பினர் என்பதை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு 'வாடிக்கையாளர்' என்று ஒட்டவைத்தன. வாடிக்கை என்றால் என்ன? காய்கறிக் கடையில் பத்து வருடமாக வாங்குகிறவருக்குப் பையின் மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் ரெண்டு பச்சை மிளகாயும் விழும். அதற்குப் பெயர் கொசுறு. கேட்காமலே விழுந்தால் அது வாடிக்கையின் மரியாதை. புதிதாக வந்தவர் முழு விலை கொடுப்பார், பழகப் பழக விலை இளகும். ஆக, நம்முடைய வழக்கில் வாடிக்கை என்பது காலத்தின் மூலம் வாங்குகிறவர் சேர்த்துக்கொள்ளும் ஒரு உரிமை.

சந்தாக் கம்பெனிகள் இதை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துவிட்டன. 'புதிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும்' என்று விளம்பரத்தின் அடியில் பொடியெழுத்தில் போட்டிருக்கிறார்களே, அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் உற்று வாசியுங்கள். வந்து ஒரு நாள்கூட ஆகாதவரை வாடிக்கையாளர் என்கிறது அது. கொசுறையும் அவருக்கே கொடுக்கிறது. பழையவர் முழு விலை கட்டுகிறார். அவருக்கும் கொசுறு வேண்டுமென்றால் அவர் மறுபடி அந்நியராக வேண்டும், அல்லது அந்நியராகப் போவதாக மிரட்ட வேண்டும். என்னுடைய ஆறு நிமிடத் தொலைபேசி உரையாடலில் நடந்தது இதுதான்.

3

பேரம் என்றதும் நமக்குக் காய்கறிக்காரம்மாவோடு நடக்கும் சண்டை ஞாபகம் வருகிறது. அது அம்பலத்தில் நடப்பது. பக்கத்தில் நிற்பவர் காதில் விழும். 'அந்தம்மாவுக்கு நாப்பது, எனக்கு அம்பதா?' என்று அவரும் குரல் கொடுப்பார். ஜவுளிக்கடைகளும் பாத்திரக்கடைகளும் 'ஒரே விலை', 'கறார் விலை' என்று போர்டு மாட்டியது இந்தக் கூச்சலை ஒழிப்பதற்குத்தான். அதில் ஒரு ஜனநாயகமும் இருந்தது. பேசத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு ஒரு விலை என்பது அங்கே இல்லை.

மாட்டுச் சந்தையில் நடப்பது வேறு. (சந்தைக்கும் சந்தாவுக்கும் ஓசை ஒற்றுமையைத் தவிர வேறு உறவில்லை.) மணப்பாறை மாதிரியான சந்தைகளில் பார்த்திருப்பீர்கள். தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின்மேல் போர்த்துவார். துண்டுக்குள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள். இந்த விரல் இத்தனை ஆயிரம், இந்தக் கணு இத்தனை நூறு. சுற்றி ஐம்பது பேர் நிற்பார்கள். ஒருவருக்கும் விலை தெரியாது. மாடு கைமாறும், விலை துண்டுக்குள்ளேயே செத்துப்போகும். அடுத்த மாட்டுக்கு மறுபடி முதலிலிருந்து.

இணையக் கம்பெனியின் விளம்பரத்தில் இருப்பது கறார் விலை. அதன் தொலைபேசியில் இருப்பது துண்டு. இரண்டும் ஒரே கடை. பொதுவெளியில் 'இதுதான் சார் பிளான்', தனிவெளியில் 'உங்களுக்காக ஒரு ஸ்பெஷல் ஆஃபர் செக் பண்றேன், ஒரு நிமிஷம் லைன்ல இருங்க'. அந்த ஒரு நிமிடத்தில் அந்தப் பையன் மேலதிகாரியிடம் எனக்காக மன்றாடுகிறான் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். பெரும்பாலும் அப்படி எதுவும் நடப்பதில்லை. துண்டிக்கச் சொல்கிறவர்களைக் கையாளுவதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, முதலில் எதைச் சொல்வது, மறுத்தால் அடுத்து எதைச் சொல்வது என்பதெல்லாம் எழுதப்பட்ட பிரதியாக அவன் முன்னால் திரையில் இருக்கிறது. முதலில் விலையைக் குறைக்க மாட்டான்; வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்பான், ரெண்டு சினிமா செயலி இலவசம் என்பான். கம்பெனிக்குக் கிட்டத்தட்டச் செலவில்லாதவை. அதையும் வேண்டாமென்ற பிறகுதான் பணம் பேச்சுக்கு வரும். அவனும் கூலிக்காரன்தான் என்பதை மறந்துவிட்டு அவனிடம் சீறுவதில் பிரயோஜனமில்லை. பிரதி அவனுடையது இல்லை.

4

ஒரே பண்டத்தை ஆளுக்கொரு விலையில் விற்பது எப்படி என்பதை முதலாளியப் பொருளாதாரம் வெகுநாளாகவே யோசித்துவருகிறது. 1920ல் வெளிவந்த தன்னுடைய 'நலப் பொருளாதாரம்' நூலில் ஏ.சி. பிகு இதை மூன்று தரமாகப் பிரித்தார். முதல் தரம், ஒவ்வொருவரிடமும் அவரால் உச்சமாக எவ்வளவு தர முடியுமோ அவ்வளவையும் கறந்துவிடுவது. இது விற்பவரின் கனவு. ஆனால் ஒவ்வொருவர் மனதிலும் இருக்கும் உச்சத்தை எப்படித் தெரிந்துகொள்வது? தெரியாது. ஆகவே வாங்குகிறவர்களைத் தாங்களாகவே வகைபிரிந்து நிற்கவைக்கும் உபாயங்கள் தேவைப்பட்டன.

பிகுவுக்கும் முன்பே, 1849ல், பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துப்யுயி ரயிலைப் பார்த்து ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார். அன்றைக்கு மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை கிடையாது, மரப்பலகைதான் இருக்கை. கூரை போடுவதற்குக் காசில்லாமல் இல்லை என்கிறார் துப்யுயி. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க வசதியுள்ளவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது. அவனைப் பயமுறுத்தத்தான் கூரை இல்லை. ஏழையை நனைப்பது நோக்கமில்லை, ஆனாலும் நனைகிறவன் ஏழைதான்.

இன்றைய செயலிகளின் 'பிளான்' பட்டியலைத் துப்யுயியோடு சேர்த்து வாசித்தால் கூரை எங்கே கழற்றப்பட்டிருக்கிறது என்பது புலப்படும். நெட்ஃபிளிக்ஸ் 2019 ஜூலையில் இந்தியாவில் கைப்பேசிக்கு மட்டுமான ஒரு சந்தாவை 199 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. ஒரே திரை, அதுவும் சின்னத் திரை, தெளிவு 480 வரி. பெரிய டி.வி.யில் போட்டுக்காட்ட அந்தக் கம்பெனிக்குக் கூடுதலாக ஒன்றும் பெரிய செலவில்லை. போட்டுக்காட்டினால் 499 கட்டுகிறவர் இறங்கி வந்துவிடுவார், அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. 2021 டிசம்பரில் அதே கம்பெனி 199ஐ 149 ஆக்கியது, 499 ரூபாய் அடிப்படைச் சந்தாவை 199 ஆக்கியது. ஒரே அடியில் 60 சதவீதம். இங்கே யாரும் தொலைபேசியில் பேரம் பேசவில்லை. கோடிக்கணக்கான பேர் வாங்காமல் இருந்தார்கள். இந்தியச் சந்தையில் 499 ரூபாய்க்கு ஆள் சேரவில்லை என்பதுதான் அந்தக் குறைப்பின் பின்னாலிருந்த பேச்சுவார்த்தை என்று நான் வாசிக்கிறேன். வாங்காதவர்களின் மௌனம் சில சமயம் வாங்கியவர்களின் புலம்பலைவிடச் சத்தமாகக் கேட்கிறது.

5

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970ல் ஒரு சிறிய நூல் எழுதினார்: 'விலகல், குரல், விசுவாசம்'. ஒரு நிறுவனமோ கட்சியோ அரசோ சீரழியும்போது அதில் இருப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு என்பார். ஒன்று, விட்டு விலகுவது; இது சந்தையின் மொழி. இரண்டு, உள்ளேயிருந்தே குரல் எழுப்புவது. இது அரசியலின் மொழி. விசுவாசம் என்பது விலகலைத் தள்ளிப்போட்டுக் குரலுக்கு அவகாசம் வாங்கித் தருவது. அவருக்கு இந்த யோசனை நைஜீரிய ரயில்வேயைப் பார்த்தபோது வந்தது. லாரிப் போட்டி வந்தால் ரயில் திருந்த வேண்டுமல்லவா? திருந்தவில்லை. ஏன்? சத்தம் போடக்கூடிய பெரிய வியாபாரிகள் எல்லாரும் லாரிக்குப் போய்விட்டார்கள். வாயில்லாதவர்கள் மட்டும் ரயிலில் மிஞ்சினார்கள். கத்துகிறவர்கள் வெளியேறுவது சோம்பேறி நிர்வாகத்துக்கு நிம்மதி.

கட்சிகளிலிருந்தும் இயக்கங்களிலிருந்தும் விலகிவந்த தோழர்களுக்கு இந்த இடத்தில் வேறு ஞாபகங்கள் வரலாம். அது ஒருபுறமிருக்கட்டும்.

ஹிர்ஷ்மன் சொன்ன மூன்றையும் இன்றைய சந்தாக் கம்பெனி எப்படி மாற்றி அடுக்கியிருக்கிறது என்று பாருங்கள். குரலுக்கு மதிப்பில்லை, என்னுடைய முதல் தொலைபேசி அழைப்பு குரல், அதற்குக் கிடைத்தது 'இதுதான் சார் பிளான்'. விசுவாசத்துக்குத் தண்டம். பிரிட்டனில் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 2018 செப்டம்பரில் இதை 'விசுவாசத் தண்டம்' என்று பெயர்சூட்டியே போட்டிக் கண்காணிப்பு ஆணையத்திடம் புகார் கொடுத்தது. கைப்பேசி, இணையம், வீட்டுக் காப்பீடு, வீட்டுக் கடன், சேமிப்பு ஆகிய ஐந்து துறைகளில் மட்டும் பழைய வாடிக்கையாளர்கள் வருடத்துக்கு 410 கோடி பவுண்டு அதிகமாகக் கட்டுகிறார்கள் என்பது அதன் கணக்கு. 2022 ஜனவரியிலிருந்து அங்கே வீட்டு, வாகனக் காப்பீடுகளைப் புதுப்பிக்கும்போது, புதிதாக வருகிறவருக்குச் சொல்லும் விலையைவிடப் பழையவரிடம் கூடுதலாக வாங்கக் கூடாது என்று விதி வந்தது. அதாவது, வாடிக்கை என்ற சொல்லுக்கு அதன் பொருளைத் திருப்பித் தரச் சட்டம் தேவைப்பட்டது.

மிஞ்சியிருப்பது விலகல். அதை மிரட்டலாக வைத்துக்கொண்டால் விலை கிடைக்கும். ஆனால் நிஜமாகவே விலகப் போனால் கதவு சிக்காது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023 ஜூனில் அமேசான்மீது வழக்குத் தொடர்ந்தபோது ஒரு தகவல் வெளியே வந்தது. பிரைம் சந்தாவை ரத்து செய்வதற்கான வழிக்குக் கம்பெனிக்குள்ளே வைத்திருந்த பெயர் 'இலியட்'. நான்கு பக்கம், ஆறு தடவை அழுத்தல், பதினைந்து தெரிவுகள் என்று ஆணையம் எண்ணிச் சொன்னது. ஹோமரை இப்படியும் வாசிக்கலாம் என்று எனக்குத் தோன்றியதேயில்லை. இலியட்டில் போர்தான் நடக்கிறது, ஒருவரும் ஊர் போய்ச் சேருவதில்லை. ஊர் திரும்ப ஒடிசி என்று இன்னொரு காவியம் வேண்டியிருக்கிறது. பெயர் வைத்தவர் நிச்சயம் இலக்கியம் படித்தவர். வழியில் வரும் பக்கங்களில் இன்னின்ன வசதியை இழப்பாய் என்ற எச்சரிக்கைகளோடு, குறைந்த விலையில் தொடரலாமே என்ற அழைப்புகளும் வைக்கப்பட்டிருந்தன. தள்ளுபடி வாசற்படியில்தான் இருக்கிறது. போகிறவர் கண்ணில் மட்டும் படும். 2025 செப்டம்பரில் தவறை ஒப்புக்கொள்ளாமலே 250 கோடி டாலர் தருவதாகக் கம்பெனி சமரசம் செய்துகொண்டது. அதில் 150 கோடி சந்தாதாரர்களுக்குத் திரும்பப் போவது.

நம்மூரிலும் 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிகத்தின் ஏமாற்று வடிவமைப்புகள் பதின்மூன்றைப் பட்டியலிட்டுத் தடைசெய்தது. அவற்றில் ஒன்று 'சந்தாப் பொறி'. சேருவது சுலபமாகவும் விலகுவது சிக்கலாகவும் இருந்தால் அது பொறி. 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். எத்தனை பேருக்குத் தெரியும்?

6

இங்கே நடைமுறை சார்ந்து சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும். கோட்பாட்டைப் படித்துவிட்டு 1179 கட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

பணம் தானாகப் போய்க்கொண்டிருக்கும்வரை பேரம் கிடையாது. மாதாமாதம் கையால் எண்ணிக் கொடுக்கும்போது வலிக்கும், வலி இருந்தால் வாய் திறக்கும். தானியங்கிப் பிடித்தம் அந்த வலியை எடுத்துவிடுகிறது. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது. இப்படித் திரும்பத் திரும்ப எடுக்கும் பணத்துக்கு, எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும், வேண்டாமென்றால் நிறுத்தும் வழி இருக்க வேண்டும். (ஓ.டி.பி. இல்லாமல் எடுக்கும் வரம்பு முதலில் 5000, 2022 ஜூனில் 15,000.) அன்றைக்கு நிறையப் பேருடைய சந்தாக்கள் நின்றுபோயின; கம்பெனிகள் புலம்பின. நான் அந்த 24 மணி நேரத்தைப் பேரத்துக்கான நேரமாகவே பார்க்கிறேன். அந்தக் குறுஞ்செய்தியைக் குப்பையென்று தள்ளிவிடாதீர்கள். யு.பி.ஐ. செயலிக்குள்ளேயே நாம் ஒப்புதல் கொடுத்த தானியங்கிப் பிடித்தங்களின் பட்டியல் இருக்கும். ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு வருடமாகத் திறக்காத ஒரு செயலி என்னிடமிருந்து மாதம் 99 ரூபாய் எடுத்துக்கொண்டிருந்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிடித்தத்தை நிறுத்துவதும் இணைப்பை ரத்து செய்வதும் ஒன்றில்லை. மாதக் கடைசியில் பில் போடும் சேவையாக இருந்தால், பிடித்தம் நின்றாலும் பில் ஏறிக்கொண்டே இருக்கும்.

பேசும்போது, பில் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் பேசுவது நல்லது. போட்டிக் கம்பெனி உங்கள் தெருவில் என்ன விலைக்குத் தருகிறது என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்; மொட்டையாக 'வேற எடத்துல கம்மி' என்றால் எடுபடாது. குறைத்துவிட்டோம் என்று சொன்னால் எத்தனை மாதத்துக்கு, அதற்கப்புறம் என்ன விலை, இடையில் விலகினால் அபராதம் உண்டா என்று கேட்டு, பதிலைக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சு துண்டோடு போய்விடும். கைப்பேசி எண்ணில் இது இன்னும் சுலபம். 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறலாம்; அதற்கான குறுஞ்செய்தியை 1900க்கு அனுப்பினால் பழைய கம்பெனி கூப்பிட்டு அன்பு பாராட்டுவதைப் பலரும் அனுபவித்திருப்பீர்கள்.

இந்த அன்பைப் பற்றியே ஒரு வழக்கு நடந்தது. மாறப்போகிறவர்களுக்கு மட்டும் ரகசியமாகக் கொடுக்கும் இம்மாதிரிச் சலுகைகளைத் தன்னிடம் தெரிவிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கேட்டது. கம்பெனிகள் அது வியாபார ரகசியம் என்றன. 2020 நவம்பரில் உச்சநீதிமன்றம் டிராயிடம் தெரிவிக்கத்தான் வேண்டும் என்றது. கூடவே, டிராய் அதை வெளியிடாமல் ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. துண்டுக்குள் இருக்கும் விரலை அரசு பார்க்கலாம். சுற்றி நிற்பவர்கள் பார்க்கக் கூடாது.

7

துண்டு இல்லாத விலை என்று ஒன்று இங்கே இருந்ததா? கேபிள்காரரை நினைத்துக்கொள்கிறேன். மாதம் பிறந்து ஐந்தாம் தேதி வாக்கில் நோட்டும் கையுமாக வாசலில் நிற்பார். 'ஊர்ல இல்லண்ணே, பத்து நாள்தான் பாத்தோம்', 'மழையில ஒரு வாரம் படமே வரல' என்றெல்லாம் சொல்லி இருபது முப்பது குறைப்பார்கள். அடுத்த வீட்டுக்கும் அது தெரியும், அவர்களும் கேட்பார்கள். அவரும் உள்ளூர் அரசியலோடும் அடிதடியோடும் பிணைந்தவர்தான், புனிதப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு முகம் இருந்தது, வீடு தெரியும்.

2006ல் இலவச வண்ணத் தொலைக்காட்சி. 2011 செப்டம்பரில் அரசு கேபிள், மாதம் 70 ரூபாய். இரண்டு கட்சிகளின் நோக்கங்களைப் பற்றியும் கேபிள் தொழிலில் யாருடைய குரல்வளையை யார் பிடித்தார்கள் என்பதைப் பற்றியும் தனியாகவே எழுத வேண்டும். இங்கே முக்கியமானது இது: அந்த 70 ரூபாய் சுவரொட்டியில் இருந்தது. பேசத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அதே 70. அதற்குப் பிறகு 2019 பிப்ரவரியில் டிராயின் புதிய கட்டண முறை அமலானது. 100 சேனலுக்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களை அவரவர் விருப்பப்படி தேர்ந்தெடுத்துத் தனியே காசு கட்டலாம். பார்ப்பதற்கு மட்டும் காசு என்ற தாராளவாதச் சொல்லாடல். பல வீடுகளில் பில் ஏறியது. சேனல் முதலாளிகள் தனிச் சேனலுக்கு அதிக விலையும் கட்டுக்கட்டாக எடுத்தால் பெருந்தள்ளுபடியும் வைத்ததில் தேர்வு என்பதே கேலிக்கூத்தானது. 2020 ஜனவரியில் டிராயே திருத்தம் கொண்டுவந்து அதே 130க்கு 200 சேனல் என்று மாற்ற வேண்டி வந்தது. தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கிடைத்தபோது கூட்டாகச் சண்டை போடும் வாசல் அடைபட்டது.

ஊர்த் திருவிழாவின் தலைக்கட்டு வரியும் துண்டில்லாத விலைதான்; வீட்டுக்கு இவ்வளவு என்று மைக்கில் சொல்வார்கள். ஆனால் யாரிடம் வரி வாங்குகிறார்கள், யாரிடம் வாங்க மறுக்கிறார்கள் என்பதில்தான் அங்கே சாதி உட்கார்ந்திருக்கிறது. சேரிக்காரர் நீட்டும் காசை வாங்காமல் விடுவது தள்ளுபடி இல்லை. ஆகவே 'அந்தக் காலத்துல' என்று பெருமூச்சு விட நான் தயாரில்லை.

8

கீழ்வீட்டு அக்காவுக்காக நானே கூப்பிட்டேன். இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும் என்றார்கள். அக்காவிடம் கொடுத்தேன். சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை அவர் சொல்லவில்லை. 'தம்பி, தையக்கூலிதான் வருமானம். நாலு வருசமா ஒரு மாசம்கூடத் தவறாமக் கட்றேன். கொஞ்சம் பாத்துக் கொறைச்சுக்குங்க' என்றார். எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கவே கூசியது. ஒரு மாசம்கூடத் தவறாமல் கட்டுகிறவர் என்பதுதான் அவருக்கு எதிரான சாட்சியம். 'இதுதான் மேடம் பிளான்' என்று பதில் வந்தது.

'போறேன்னு சொல்லுங்கக்கா, அப்பத்தான் கொறைப்பாங்க' என்றேன்.

'போகப்போறதில்லையே தம்பி. போறேன்னு எப்படிச் சொல்றது?'

எனக்கு இது உறைக்க இரண்டு நாள் ஆனது. நானும் போகப்போவதாக இல்லை. போட்டிக் கம்பெனிக்காரன் வந்து கம்பி இழுப்பதற்குச் சுவரில் துளை போட வேண்டும், வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். எனக்கு அது தெரியும். தெரிந்தே, சரளமாக, கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து பொய் சொன்னேன். என் 300 ரூபாய் அந்தச் சரளத்துக்கான கூலி. கம்பெனி எனக்குக் குறைத்ததை அக்கா மாதிரியானவர்கள் குறையாமல் கட்டி ஈடுசெய்கிறார்கள். நான் வென்ற பேரத்தின் மறுபக்கம் அவருடைய பில்.

அக்கா வேறு வழியில் போனார். கேபிள்காரரின் தம்பி இப்போது இணைய இணைப்பும் கொடுக்கிறார் என்று பக்கத்துத் தெருவில் விசாரித்து, ஜாக்கெட் தைக்க வரும் நாலு வீட்டுப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, அஞ்சு இணைப்பு எடுத்தால் என்ன விலை என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்காரம்மாவும் அந்த ஐந்தில் ஒருவர் என்பதால் சுவர்த் துளைக்கு மறுப்பில்லை. வரியோடு 600 ரூபாய்க்குப் பேசி முடித்தார்கள். வேகம் கொஞ்சம் கம்மி. மழை பெய்தால் என்னாகும் என்று இனிமேல்தான் தெரியும்.

பழைய இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி எழுதிக்கொடுத்த மறுநாளிலிருந்து கம்பெனிக்காரர்கள் அக்காவைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் நாள் 799. ரெண்டாம் நாள் 699. மூன்றாம் நாள் 599, ஆறு மாதத்துக்கு, கூடவே சினிமா செயலி. நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்: 'அன்னைக்குக் கேட்டப்ப இல்லன்னீங்களேப்பா?'

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அவன் திரையில் இதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை போலிருக்கிறது. அப்புறம், 'லைன்ல இருங்க மேடம்' என்றான்.

என்னுடைய சலுகை முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது. ஆறாவது இணைப்புக்கும் அதே விலைதானா என்று அக்காவைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.